எலும்பு போதாது என்கிறார் டாக்டர்: ஒட்டு வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. வலது பக்கம் மேல்வரிசையில் கடைசி மூன்று பற்களை எட்டு வருடத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். இடது பக்கமாகவே மென்று பழகிவிட்டேன். இப்போது அந்தப் பக்கமும் கூச ஆரம்பித்திருக்கிறது. தாடை எலும்பில் திருகி அதன் மேல் பல் கட்டும் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று போனால், ஸ்கேன் பார்த்த டாக்டர், "எலும்பு போதாது. சைனஸை உயர்த்தி எலும்பு ஒட்டு வைத்து ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும்" என்கிறார். இன்னொருவரோ, "ஒட்டெல்லாம் வேண்டாம், குட்டை இம்ப்ளான்ட் போதும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? மாட்டு எலும்பை வைப்பார்களாம். அது மனசுக்கு ஒப்பவில்லை. வைத்தால் அது என் எலும்பாகவே மாறிவிடுமா? வலி எப்படி இருக்கும்? எனக்குச் சர்க்கரை உண்டு, கடைசி எச்பிஏ1சி 8.4. ஸ்கேன் அறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பின்குறிப்பு: எலும்பு அடர்த்தி குறைவு என்று நான்கு வருடமாக வாரம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். பல் டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கணவருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டு, அடுத்த மாதம் எடுக்கப்போகிறார்கள். அவருக்கும் என் நிலைமை வராமல் தடுக்க வழி உண்டா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி பின்குறிப்பில்தான் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். எலும்பு அடர்த்திக்கென்று வாரம் ஒரு முறை விழுங்கும் மாத்திரைகள் பெரும்பாலும் பிஸ்பாஸ்பொனேட் என்ற வகையைச் சேர்ந்தவை. நம் உடம்பில் பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும், புது எலும்பைக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. இந்த மருந்து கரைக்கும் செல்களை அடக்கிவைக்கிறது. முதுகெலும்புக்கும் இடுப்புக்கும் அது நல்லது, முறிவைத் தடுக்கிறது. ஆனால் தாடையில் அறுவை செய்யும்போது, புண்பட்ட எலும்பைச் சுத்தம் செய்து புதுப்பிக்க அதே செல்கள்தான் தேவை. அவை மந்தமாக இருந்தால், மிகச் சிலருக்குத் தாடை எலும்பின் ஒரு பகுதி ஆறாமல், ஈறு மூடாமல், வெளியே தெரிந்தபடியே நின்றுவிடும். மருத்துவ இதழ்களில் இந்தச் சிக்கல் 2003-ஆம் ஆண்டு வாக்கில்தான் முதலில் பதிவானது.

பயந்துவிடாதீர்கள். எலும்பு அடர்த்திக்காக வாய்வழி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது வருவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. புற்றுநோய் எலும்புக்குப் பரவியதற்காக இதே வகை மருந்தை அதிக அளவில் நரம்பு வழியாக ஏற்றிக்கொள்பவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இம்ப்ளான்ட், எலும்பு ஒட்டு போன்ற, கட்டாயமில்லாத அறுவைகளை நாங்கள் செய்வதில்லை. உங்கள் ஆபத்து குறைவுதான் என்றாலும் நான்கு வருடம் என்பது கவனிக்க வேண்டிய காலம். மருந்து சாப்பிடும் காலம் நீள நீள ஆபத்தும் சற்று ஏறும். கூடவே சர்க்கரையும் இருக்கிறது. அதனால் அறுவை செய்யப்போகிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்தே ஆக வேண்டும். மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பிஸ்பாஸ்பொனேட் எலும்புக்குள் வருடக்கணக்கில் தங்கும் மருந்து. இரண்டு வாரம் நிறுத்துவதால் தாடைக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஊசியாகப் போடும் டெனோசுமாப் மருந்தில் நிலைமை நேர் எதிர். அந்த ஊசியைத் தள்ளிப்போட்டாலே முதுகெலும்பு முறிவு வரக்கூடும். நிறுத்துவதா, தொடர்வதா, எத்தனை நாள் என்பதை மருந்து எழுதிய மருத்துவரும் பல் அறுவை நிபுணரும் பேசி முடிவெடுக்கட்டும். தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசினால் முடிகிற விஷயம்.

சரி, இப்போது ஸ்கேனுக்கு வருவோம்.

தாடையில் பற்களைத் தாங்கும் வரப்பு எலும்பு பல்லுக்காகவே இருப்பது. மெல்லும்போது பல் வேர் வழியாக இறங்கும் அழுத்தம்தான் அதை உயிரோடு வைத்திருக்கிறது. பல் போனதும் அழுத்தம் நின்றுவிடுகிறது. வேரைச் சுற்றியிருந்த சவ்விலிருந்து வந்த ரத்த ஓட்டமும் போய்விடுகிறது. பிறகு அந்த எலும்பு கரையத் தொடங்கும். முதல் வருடத்துக்குள்ளேயே வரப்பின் அகலத்தில் ஏறத்தாழ பாதி போய்விடக்கூடும். அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடும். மேல்தாடையின் பின்பகுதியில் இன்னொரு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே, மேல்தாடை எலும்புக்குள், காற்று நிறைந்த சைனஸ் அறை இருக்கிறது. பல் எடுத்த பிறகு அந்த அறை மெதுவாகக் கீழ்நோக்கி விரியும். கீழிருந்து வரப்பு தேய்கிறது, மேலிருந்து சைனஸ் இறங்குகிறது. நடுவில் மிஞ்சுவதுதான் ஸ்கேனில் தெரியும் உயரம்.

உங்கள் அறிக்கையில் முன்கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் 8 மில்லிமீட்டர் உயரம் என்று இருக்கிறது. அதற்குப் பின்னால், பெரிய கடைவாய்ப் பல் இருந்த இடத்தில் 3.5 மில்லிமீட்டர். அகலம் இரண்டு இடத்திலும் 9 மில்லிமீட்டர். அது நன்றாகவே இருக்கிறது. அதாவது உங்கள் குறை உயரத்தில் மட்டும்தான், அதுவும் ஓர் இடத்தில்தான்.

இரண்டு டாக்டர்களும் முரண்படுவதாக நினைக்கிறீர்கள். இந்த எண்களைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்கடைவாய் இடத்தில் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள குட்டை இம்ப்ளான்ட் ஒட்டு எதுவும் இல்லாமலே தாராளமாக உட்காரும். 8 மில்லிமீட்டர் நீளமுள்ளதைக்கூட, அங்கே மட்டும் சைனஸை உள்ளிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்தி வைத்துவிடலாம். அந்த இடத்தை நினைத்து இரண்டாமவர் சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரி. ஆனால் 3.5 மில்லிமீட்டரில் எந்தக் குட்டை இம்ப்ளான்டும் நிற்காது; பாதி சைனஸுக்குள் தொங்கும். கடைவாய் இடத்தை நினைத்து முதலாமவர் சொல்லியிருந்தால் அவரும் சரி. இருவரும் ஒரே ஸ்கேனைத்தான் பார்த்தார்களா? ஒருவர் முப்பரிமாண சிபிசிடி ஸ்கேனையும் மற்றவர் சாதாரணத் தட்டை எக்ஸ்-ரேயையும் பார்த்துச் சொல்லியிருந்தால், பதில்கள் மாறித்தான் இருக்கும். தட்டைப் படத்தில் அளவுகள் பெரிதாகித் தெரியும், அகலம் தெரியவே தெரியாது. ஸ்கேனை எடுத்துக்கொண்டு இருவரிடமும் போய், "எந்தப் பல் இடத்தில், எத்தனை மில்லிமீட்டர் நீளமுள்ள இம்ப்ளான்ட் வைப்பதாக உத்தேசம்?" என்று கேளுங்கள். எண் சொல்லிப் பதில் தருகிறவர் உங்கள் படத்தை உண்மையில் பார்த்திருக்கிறார்.

குட்டை இம்ப்ளான்ட் என்றால் தரக்குறைவு என்ற எண்ணம் வேண்டாம். நீளமான இம்ப்ளான்டுதான் நல்லது என்று ஒரு காலத்தில் நாங்களும் படித்தோம். ஆனால் ஒட்டு வைத்து நீளமானது, ஒட்டில்லாமல் குட்டையானது என்று ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில், ஐந்து வருடக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் நிலைத்திருக்கின்றன. அறுவைச் சிக்கல்கள் குட்டையானதில் குறைவு. எனவே எலும்பு 6, 7 மில்லிமீட்டர் இருக்கும் இடத்தில் ஒருவர் உடனே பெரிய ஒட்டு அறுவை பேசினால், "குட்டையானது ஏன் கூடாது?" என்று கேட்பது நியாயமான கேள்வி.

அடுத்து, ஒட்டு உங்கள் எலும்பாக மாறுமா என்ற கேள்வி. இதைப் பலரும் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். நாங்கள் வைக்கும் பொருள் எலும்பு வேலையைச் செய்வதில்லை. கொடிக்குப் பந்தல் போட்டுக்கொடுப்பது மாதிரிதான் அது. ஏற வேண்டிய கொடி உங்கள் உடம்பிலிருந்துதான் வர வேண்டும். சுற்றியிருக்கும் உங்கள் எலும்பிலிருந்து சிறு ரத்தக் குழாய்கள் அந்தத் துணுக்குகளுக்கு நடுவே நுழையும். பின்னாலேயே எலும்பு கட்டும் செல்கள் வந்து, துணுக்குகளின் மேல் படிந்து, புது எலும்பைப் போடத் தொடங்கும். இதற்குத்தான் மாதக்கணக்கில் காத்திருப்பது. ஆறு மாதமா ஒன்பது மாதமா என்பதைத் தீர்மானிப்பதில் கிளினிக்கின் திறமைக்கு இருக்கும் பங்கைவிட உங்கள் ரத்த ஓட்டத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்துகளுக்கும் இருக்கும் பங்கு பெரியது.

என்ன பொருள் வைக்கலாம் என்பதில் நான்கு வகை உண்டு. முதலாவது உங்களுடைய சொந்த எலும்பு. கீழ்த்தாடையின் பின்கோணத்திலிருந்தோ மோவாயிலிருந்தோ சுரண்டியோ கட்டியாக வெட்டியோ எடுப்பது. பெரிய அளவில் தேவைப்பட்டால் இடுப்பெலும்பிலிருந்தும் எடுப்பார்கள். உயிருள்ள செல்களோடு வருவதால் சீக்கிரம் எலும்பாகும். ஆனால் எடுத்த இடத்தில் இன்னொரு புண். வைத்த இடத்திலும் நாளடைவில் ஓரளவு கரைந்து போகும். இரண்டாவது, எலும்பு வங்கி மூலம் வரும், தானமளித்த மனிதர்களின் பதப்படுத்திய எலும்பு. மூன்றாவது விலங்கு எலும்பு, பெரும்பாலும் மாடு. நான்காவது செயற்கையானது: ஹைட்ராக்சிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட் போன்ற கால்சியம் உப்புகள்.

விலங்கு எலும்பு என்றதும் மனம் கூசுவது எனக்குப் புரிகிறது. அது எப்படி வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன், முடிவு உங்களுடையது. அதைச் சூடாக்கியும் வேதிமுறையிலும் பதப்படுத்தி, அதிலிருக்கும் புரதம், கொழுப்பு, செல் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள். மிஞ்சுவது வெறும் தாதுக் கூடுதான். குப்பியைத் திறந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெண்ணிறத் துணுக்குகள், வாசனை கிடையாது. அதில் உங்கள் ரத்தத்தையோ உப்புக் கரைசலையோ விட்டு நனைத்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கரண்டியில் நிற்கும். இந்த வகை மிக மெதுவாகத்தான் கரையும். வருடங்கள் கழித்து எடுத்துப் பார்த்தாலும் புது எலும்புக்கு நடுவே துணுக்குகள் அப்படியே பதிந்திருக்கும். அது குறையில்லை, சைனஸ் காற்றழுத்தத்தால் ஒட்டு மறுபடி சுருங்கிவிடாமல் இருக்க அந்த மெதுவான குணம் உதவுகிறது. ஆக, "முழுவதும் என் எலும்பாகிவிடுமா?" என்றால், ஆகாது. உங்கள் எலும்பும் அந்தத் துணுக்குகளும் கலந்ததாக இருக்கும். இம்ப்ளான்டைப் பிடித்துக்கொள்வது உங்கள் எலும்பு.

அப்படியும் வேண்டாம் என்றால், தயங்காமல் சொல்லுங்கள். சைனஸ் அறை சுற்றிலும் எலும்புச் சுவர் உள்ள இடம் என்பதால், செயற்கைத் துணுக்குகளும் அங்கே நன்றாகவே வேலை செய்கின்றன. இன்னொன்றையும் நீங்களே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் யாரும் தானாகச் சொல்வதில்லை. ஒட்டை மூடப் போடும் மெல்லிய கொலாஜன் தாள்களும் பெரும்பாலும் மாடு அல்லது பன்றியிலிருந்து எடுக்கப்பட்டவைதான். துணுக்கு செயற்கையாக இருந்து, மேலே போர்த்தியது விலங்கிலிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்கும். தாளிலும் செயற்கை வகை உண்டு. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இரண்டின் மூலப்பொருளையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் ரத்தத்தைச் சுழற்றியெடுத்து வைக்கும் பிஆர்எஃப் பற்றியும் உங்களிடம் சொல்லக்கூடும். ஈறு ஆற அது உதவும், கெடுதல் இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி எலும்பு வளர்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடன்பாடில்லை.

அறுவை எப்படி நடக்கும்? மரத்துப்போகும் ஊசி போட்டே செய்வது. மயக்க மருந்து பொதுவாகத் தேவையில்லை. மேல்தாடை எலும்பு மிருது என்பதால் ஊசி நன்றாகப் பிடிக்கும். ஈற்றை விலக்கி, கன்னப் பக்கத்து எலும்பில் சின்னதாக ஒரு ஜன்னல் போல வெட்டுவார்கள். எலும்பை மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே வரும்போது, ஓர் இடத்தில் நீலம் கலந்த சாம்பல் நிறம் நிழலாகத் தெரியும். அதுதான் சைனஸின் உள்சவ்வு. பெரும்பாலோருக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. ஜன்னல் திறந்ததும், நீங்கள் மூச்சு விடும்போதெல்லாம் அந்தச் சவ்வு லேசாக ஏறி இறங்கும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் என் கை தானாகவே நிதானமாகிவிடும். வளைந்த சிறு கருவிகளால் அந்தச் சவ்வை எலும்பிலிருந்து பிரித்து மேலே தூக்கி, அடியில் உண்டாகும் இடத்தில் துணுக்குகளை நிரப்பி, ஜன்னலை மூடித் தைத்துவிடுவார்கள். ஒரு மணி நேரமோ, சற்றுக் கூடவோ ஆகும்.

இது நேற்று வந்த வித்தை இல்லை. பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் 1980-இல் இந்த முறையைப் பற்றி எழுதினார்கள். வரப்பின் வழியாகவே உள்ளிருந்து தட்டி உயர்த்தும் எளிய முறையை சம்மர்ஸ் என்பவர் 1994-இல் வெளியிட்டார். முன்கடைவாய் இடத்துக்கு நான் சொன்ன ஒன்றிரண்டு மில்லிமீட்டர் உயர்த்தல் இந்த இரண்டாவது வகை.

அதிகம் நடக்கும் சிக்கல், அந்தச் சவ்வு கிழிவது. சுமார் ஐந்தில் ஒருவருக்கு நடப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சின்னக் கிழிசல் என்றால் கொலாஜன் தாளால் ஒட்டுப்போட்டுத் தொடர்ந்துவிடலாம். பெரிதாகக் கிழிந்துவிட்டால், மூடித் தைத்துவிட்டுச் சில மாதம் கழித்து மறுபடி வருவதுதான் நல்ல வைத்தியம். அப்படி நிறுத்திவிட்டு வெளியே வந்து உங்களிடம் உண்மையைச் சொல்லும் மருத்துவரைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள்.

வலியைப் பற்றிக் கேட்டீர்கள். அறுவையின்போது அழுத்தமும் அதிர்வும் தெரியும், வலி தெரியக்கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் மருந்து போடுவார்கள். ஊசியின் வீரியம் இறங்கிய பிறகு, கடைவாய்ப் பல் எடுத்த அளவுக்கு வலி இருக்கும், மாத்திரைக்குக் கட்டுப்படும். வலியைவிட வீக்கம்தான் பலரைப் பயமுறுத்துகிறது. அது முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போகும். கன்னம் உப்பி, கண்ணுக்குக் கீழே நீலம் பூத்தாலும் பதற வேண்டாம், ஒரு வாரம் பத்து நாளில் வடிந்துவிடும். முதல் நாள் வெளியிலிருந்து ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு குறையாமல் வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, மூக்கிலிருந்தோ தையலிலிருந்தோ சீழ் வந்தாலோ உடனே போய்க் காட்டுங்கள்.

முதல் இரண்டு நாள் மூக்கில் லேசாக ரத்தம் கசியலாம். இரண்டு வாரமாவது மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்தே தும்முங்கள், ஏனென்றால் மூடிய தும்மலின் அழுத்தம் முழுவதும் சைனஸுக்குள் போய் ஒட்டைத் தள்ளிவிடும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது, பலூன் ஊதுவது, விமானப் பயணம் எல்லாவற்றையும் டாக்டர் சரி என்று சொல்லும் வரை தள்ளிவையுங்கள். நாக்கில் ஒன்றிரண்டு துணுக்கு தட்டுப்பட்டால் கவலையில்லை. தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் தையல் பிரிந்திருக்கலாம், காட்ட வேண்டும். உங்களிடம் கழற்றி மாட்டும் பல் செட் இருந்தால், ஒட்டு வைத்த இடத்தில் அது அழுத்தாதபடி உள்பக்கத்தைத் தேய்த்துக் கொடுக்கும் வரை மாட்டவே வேண்டாம். நன்றாக வைத்த ஒட்டுகள் பல் செட்டின் அழுத்தத்தாலேயே வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அறிக்கையில் "சைனஸ் சவ்வில் லேசான தடிப்பு" என்று ஒரு வரியும் இருக்கிறது. பலருக்கும் இருப்பதுதான். ஆனால் அடிக்கடி மூக்கடைப்பு, முகத்தில் பாரம், பின்தொண்டையில் சளி இறங்குவது என்று ஏதாவது இருந்தால், அறுவைக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். அழற்சி உள்ள சைனஸின் அடியில் ஒட்டு வைப்பது தொற்றைக் கூப்பிடுவதற்குச் சமம்.

இதற்கெல்லாம் முன்னால் சர்க்கரை. எச்பிஏ1சி 8.4 என்பது கடந்த மூன்று மாதமாக உங்கள் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே ஓடியிருக்கிறது என்று சொல்கிறது. அந்த நிலையில் சிறு ரத்தக் குழாய்கள் சரியாக முளைக்காது, தொற்று சுலபமாக வரும், புது எலும்பு மெதுவாகவே உருவாகும். ஒட்டு வேலை முழுவதும் அந்த ரத்தக் குழாய்களை நம்பித்தான் நடக்கிறது. என்னிடம் வந்திருந்தால், இந்த எண்ணில் நான் கத்தியை எடுக்க மாட்டேன். 7-க்குப் பக்கத்தில் வரட்டும் என்பேன். அதற்கு மூன்று மாதம் ஆனால் ஆகட்டும். எட்டு வருடமாகத் தேய்ந்த எலும்பு இந்த மூன்று மாதத்தில் பெரிதாக ஒன்றும் தேய்ந்துவிடாது. அந்த நேரத்தில் மற்றப் பற்களின் ஈறு நோயைச் சுத்தம் செய்துகொள்ளலாம். ஈறு அழற்சி குறைந்தால் சர்க்கரையும் ஓரளவு இறங்கும். கூசுகிற இடது பக்கத்தையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் இனி ஒரு வருடத்துக்கு மேல் அந்தப் பக்கம்தான் உங்களைத் தாங்கப்போகிறது.

ஆமாம், ஒரு வருடத்துக்கு மேல். "ஒன்பது மாதம்" என்று டாக்டர் சொன்னது ஒட்டு முதிரும் காலமாக இருக்கும். மிஞ்சியிருக்கும் எலும்பு 4, 5 மில்லிமீட்டர் இருந்து, இம்ப்ளான்ட் இறுக்கமாகப் பிடித்தால் ஒட்டோடு சேர்த்தே வைத்துவிடலாம். உங்களுடைய 3.5-இல் அது சந்தேகம். முதலில் ஒட்டு, பிறகு இம்ப்ளான்ட் என்று இரண்டு கட்டமாகச் செய்வதையே நான் விரும்புவேன். இம்ப்ளான்ட் வைத்த பிறகும் எலும்பு அதோடு பிணைய இன்னும் சில மாதம் வேண்டும். அப்புறம்தான் மேலே பல். டைட்டானியத்தோடு எலும்பு நேரடியாகப் பிணைந்துகொள்கிறது என்று கண்டறிந்து, 1965-இல் முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் வைத்தவர் ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வார் பிரானேமார்க். அவரும் மாதக்கணக்கில் மூடிவைத்துக் காத்திருந்துதான் மேலே பல் கட்டினார். ஒட்டு எலும்பில் அவசரம் காட்டினால் இம்ப்ளான்ட் ஆடிப்போகும்.

இன்னொரு விஷயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். எட்டு வருடமாக எதிரில் பல் இல்லாததால், கீழ்வரிசைக் கடைவாய்ப் பற்கள் மேல்நோக்கி எழும்பி வந்திருக்கலாம். அப்படியானால் எலும்பு வளர்த்து இம்ப்ளான்ட் வைத்தாலும் மேலே பல் கட்ட இடம் இருக்காது. இதை முதல் நாளே அளந்து பார்க்க வேண்டும்.

ஒட்டே வேண்டாம் என்றால் என்ன வழி? பின்னால் பல் எதுவும் இல்லாததால், இரு பக்கத்துப் பற்களையும் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் கட்ட முடியாது. கழற்றி மாட்டும் பல் செட் ஒரு வழி. இன்னொரு வழியை உங்களிடம் இருவருமே சொல்லவில்லை என்று நினைக்கிறேன். 8 மில்லிமீட்டர் உள்ள முன்கடைவாய் இடத்தில் மட்டும் ஒரே ஓர் இம்ப்ளான்ட் வைத்து அதோடு நிறுத்திக்கொள்வது. பெரிய கடைவாய்ப் பல் இல்லாமலே, முன்கடைவாய்ப் பற்கள் வரை இருந்தால் போதும் என்று நன்றாக மென்று சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இடது பக்கம் சீராக இருந்தால் இது அரைகுறை வைத்தியம் ஆகாது. மாத்திரை, சர்க்கரை இரண்டும் சேர்ந்திருக்கும் உங்கள் நிலையில், நான் முதலில் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். சிறிய அறுவை, அது நன்றாக ஆறுகிறதா என்று பார்த்துவிட்டு, பின்னால் உள்ள பல்லும் வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால் அப்போது சைனஸ் அறுவையைப் பற்றிப் பேசலாம். முதலிலேயே இரண்டும் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் தவறில்லை. மேலே சொன்ன முன்னேற்பாடுகளோடு செய்தால், ஒட்டு எலும்பில் வைத்த இம்ப்ளான்டுகளும் சொந்த எலும்பில் வைத்தவற்றுக்குக் கிட்டத்தட்டச் சமமாகவே நிற்கின்றன.

கடைசியாக, உங்கள் கணவரின் பல். இதைத்தான் இன்றைக்கே கவனிக்க வேண்டும், ஏனென்றால் அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பல் எடுத்த குழியிலேயே, அதே நாளில், துணுக்குகளை நிரப்பி மேலே மூடிவிடும் முறை உண்டு. சாக்கெட் பிரிசர்வேஷன் என்பார்கள். கரைவதை அது முழுவதும் நிறுத்தாது, ஆனால் நன்றாகக் குறைக்கும். நாலைந்து மாதம் கழித்து இம்ப்ளான்ட் வைக்கப் போதுமான வரப்பு நிற்கும். பெரிய ஒட்டு தேவைப்படும் வாய்ப்பு குறையும். கீழ்த்தாடையில் சைனஸ் தொல்லை இல்லை, ஆனால் வேர்களுக்குக் கீழே உதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு ஓடுகிறது. வரப்பு தேயத் தேய அந்த நரம்புக்கும் இம்ப்ளான்டுக்கும் நடுவே விட வேண்டிய 2 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்காமல் போகும். பல்லை வேர் வேராகப் பிரித்து, வெளிப்பக்கத்து மெல்லிய எலும்புச் சுவர் உடையாமல் எடுக்கச் சொல்லுங்கள். குழியில் சீழ் இருந்தால் அன்றைக்கு ஒட்டு வைக்க முடியாமல் போகலாம். அதை எடுக்கும்போதுதான் முடிவு செய்ய முடியும். அந்த இடத்தில் இனிப் பல்லே கட்டப்போவதில்லை என்று அவர் முடிவெடுத்திருந்தால், இந்தச் செலவே தேவையில்லை.

அவர் புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவர் என்றால், பல் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்து, எடுத்த பிறகு இரண்டு மாதம் வரையிலாவது நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் ஈற்றின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். தையல் பிரிந்து ஒட்டு வெளியே வந்துவிடும். பல் எடுக்கும் தேதிக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, குழியில் ஒட்டு வைக்கலாமா என்று கேட்டுவிடுங்கள். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிறகு கேட்டால், பொருள் கையில் இல்லை என்று பல்லை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவார்கள்.